பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு பைனாகுலர்

பிள்ளைகளுக்குப் பறவை காட்டுவது என்பது, பெரும்பாலும், பறவை பறந்துபோன பிறகு அது உட்கார்ந்திருந்த கிளையைக் காட்டும் தொழில். சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துப் போய்த் தலையெண்ணித் தலையெண்ணித் தொண்டை வறண்ட ஆசிரியர்களே, விடுமுறையில் அண்ணன் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய் ஐஸ்கிரீம் கடையிலேயே நின்றுவிட்ட அத்தைகளே, உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

நான் விலங்கியலில் முதுகலை முடித்தவள். ஞாயிறுதோறும் காலையில் செல்லூரிலும் நாகமலை புதுக்கோட்டையிலுமாகப் பன்னிரண்டு பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு, வாடிப்பட்டி வட்டத்தில் வைகை வளைந்து போகும் ஓரிடத்துக்குச் செல்கிறேன். கரைக்கும் நீருக்கும் நடுவே அறுகும் கோரையும் மண்டிய மேய்ச்சல் வெளி அது. இருப்பது ஒரே ஒரு பைனாகுலர். ஆகையால் சட்டம் ஒன்று இயற்றினேன். வரிசையில் நிற்க வேண்டும். இருபது எண்ணும்வரை பார்க்கலாம். பிறகு அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். முதல்முறை மீறினால் எச்சரிக்கை. இரண்டாம் முறை, அன்று முழுவதும் வேன் அருகில் காவல். மூன்றாம் முறை, இனி ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. இந்தச் சட்டத்தின் நேர்த்தியில் எனக்குப் பெருமை இருந்தது. அதைக் கொண்டு கார்த்திகா என்ற பெண்ணை வெளியேற்றுவதற்கு எவ்வளவு அருகில் போனேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பெரிதானால்

முதல் ஞாயிறு புல்லுக்குள் ஒரு நெட்டைக்காலி அகப்பட்டது. சிட்டுக்குருவியின் அளவு, மண்ணின் நிறம். வாலை ஆட்டுவதைத் தவிர வேறெந்த விளம்பரமும் செய்துகொள்ளாத பறவை. அகப்பட்ட உற்சாகத்தில், அது தரையில் கூடு கட்டுவதையும், புல்லை வெட்டினால் அதன் குடும்பமே அழிந்துபோவதையும் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன்.

கூட்டத்தில் மிகக் கவனமாகக் கேட்டவன் ஹரீஷ். நாகமலை புதுக்கோட்டையில் வங்கி அதிகாரி ஒருவரின் மகன், வயது பதினொன்று, ஆப்பிரிக்காவின் விலங்குகள் அத்தனையையும் கைப்பேசியில் பார்த்து முடித்தவன். நான் பேசி முடித்ததும் மரியாதையாகக் கையை உயர்த்தினான்.

"எல்லாம் சரி டீச்சர். இது பெரிசானா என்னவா ஆகும்?"

சாணியைச் சுற்றி ஒரு மாநாடு

வண்டு சாணியை உருட்டிக்கொண்டு போகும் காட்சி வரிசையில் நின்று பார்க்கத் தக்கதன்று. குப்புறப் படுத்துத்தான் பார்க்க வேண்டும். படுத்தோம். பன்னிரண்டு பிள்ளைகளும் நானும் ஒரு சாணியைச் சுற்றி வட்டமாக. அன்றுதான் கார்த்திகாவை முதன்முதலாகக் கவனித்தேன். செல்லூரில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண், அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் முழ தூரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, அவள் மட்டும் மூன்று விரற்கடை தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, வண்டின் பின்கால் முடிகளையும், அதன் வயிற்றில் ஒட்டிப் பயணம் செய்த பேன் போன்ற பூச்சிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறவி ஆய்வாளர் ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று மகிழ்ந்தேன். அந்த மூன்று விரற்கடை தூரத்துக்கு வேறொரு பொருள் இருக்கக்கூடும் என்று முதுகலைப் பட்டம் எனக்குச் சொல்லவில்லை.

அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் வெகுநேரம் எங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, சாணியைப் பார்க்கிறோம் என்றேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். மதுரையிலிருந்து என்றேன். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"இதுக்கா இம்புட்டுத் தொலவு வந்தீக? சொல்லியிருந்தா எங்க தொழுவத்துல நாற்காலி போட்டே காமிச்சிருப்பேனே தாயி!"

கரைந்துபோன மீன்கொத்தி

நான்காம் ஞாயிறு நீரோரத்துக் கட்டையில் மீன்கொத்தி ஒன்று அமைதியாக அமர்ந்திருந்தது. பைனாகுலர் கைமாறிக்கொண்டே வந்து கார்த்திகாவிடம் நின்றது. இருபது எண்ணினோம். அவள் கொடுக்கவில்லை. முப்பது ஆயிற்று. நானே போய்க் கையிலிருந்து எடுத்து அவளுக்குப் பின்னால் நின்ற ஹரீஷிடம் கொடுத்தேன். அவன் அலறினான், எதுவுமே தெரியவில்லையாம். வாங்கிப் பார்த்தேன். காட்சியைத் துலக்கமாக்கும் நடுச்சக்கரத்தை எவரோ ஒரே பக்கமாகக் கடைசிவரை திருகி வைத்திருந்தார்கள். அந்த எவரோ யார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

"இது பம்பரம் அல்ல கார்த்திகா, விளையாடுவதற்கு" என்றேன். மற்ற பிள்ளைகளிடம் இப்படிப் பேசினால் பல்லைக் காட்டுவார்கள். இவள் விறைத்துப் போய் நின்றாள். முதல் எச்சரிக்கை பதிவாயிற்று. அடுத்த ஞாயிறும் அதே சக்கரம், அதே பக்கம், அதே கடைசி. இரண்டாம் குற்றம், வேன் அருகில் காவல். ஹரீஷ் மட்டும் வெகுநேரம் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"இவ பாத்துட்டுக் குடுத்தாலே குருவி கரைஞ்சு போயிருது டீச்சர்!"

முள்ளில் ஒரு கொக்கு

அதற்கடுத்த வாரம் ஆள்காட்டிக் குருவி கத்தியது. எவரும் தலையைத் திருப்புவதற்கு முன்பே, "ரெண்டு கத்துது டீச்சர், ஒண்ணு தண்ணிக்கு அந்தப் பக்கம்" என்றாள் கார்த்திகா. சரியாகவே இருந்தது. மனம் நெகிழ்ந்து பாராட்ட வாயெடுத்த நேரத்தில், கருவேல மரத்தைக் காட்டி, "அங்க பாருங்க, கொக்கு!" என்றாள். முள்ளில் மாட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது ஒரு பாலிதீன் பை.

"கொக்கு இல்லையம்மா, அதுதான் வைகையின் நிரந்தரப் பறவை. வலசை போகாது, சாகாது, குஞ்சு மட்டும் பொரித்துக்கொண்டே இருக்கும்" என்றேன். பதினொரு பிள்ளைகள் புல்லில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். கார்த்திகா சிரிக்கவில்லை. ஓரடி பின்வாங்கி என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நகைச்சுவை உணர்ச்சி குறைந்த பெண் என்று முடிவு செய்துகொண்டேன். என் முடிவுகள் எப்போதுமே விரைவானவை.

வேன் ஓட்டும் பாண்டியண்ணன் மட்டும் திரும்பும் வழியில் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்.

"பிள்ளையத் திட்டாதீக டீச்சர். நானும் கொக்குன்னுதான் நெனச்சேன், ரெண்டு தடவ ஹாரன்கூட அடிச்சுப் பாத்தேன்."

மூன்றாம் குற்றம்

ஏழாம் ஞாயிறு தலையெண்ணியபோது ஒன்று குறைந்தது. பைனாகுலரும் குறைந்தது. வேனிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மேட்டில் தனியாக நின்றுகொண்டு, கருவியைக் கண்ணோடு அழுத்திப் பிடித்தபடி கார்த்திகா பார்த்துக்கொண்டிருந்தாள். பறவையை அல்ல. எதிர்க்கரையில் ஒருத்தி சேலை பிழிவதை, மின்கம்பியை, சிறுமலைச் சரிவை என்று எல்லாவற்றையும், அளவெடுப்பவளைப் போல, மெதுவாக.

நான் நீதிபதியின் குரலில் சொன்னேன்: "கார்த்திகா, அடுத்த ஞாயிறு முதல் நீ வர வேண்டாம்." அவள் அழவில்லை. கண்ணிலிருந்து கருவியை இறக்கவும் இல்லை. "சரி டீச்சர். இருபது எண்ணிட்டுத் தந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஒன்று, இரண்டு என்று மிக மிக மெதுவாக எண்ணத் தொடங்கினாள். ஏழு வரை பொறுத்தேன். எட்டில் பிடுங்கி என் கண்ணில் வைத்தேன். வெறும் பனிமூட்டம். சக்கரம் வழக்கம்போல் கடைசியில் நின்றது. கருவியின் விளிம்பு என் மூக்குக்கண்ணாடியில் இடித்து டக்கென்று ஓசை எழுந்தது.

அந்த ஓசையில்தான் எனக்குப் புத்தி வந்தது. நான்காம் வகுப்பிலிருந்து கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டவள் நான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். எதிர்க்கரைச் சேலையின் கரைவரை துலக்கமாகத் தெரிந்தது. கார்த்திகா சக்கரத்தைத் திருகி விளையாடவில்லை. தன் கண்ணுக்குச் சரியான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். "வேனின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது, படி" என்றேன். கண்ணைச் சுருக்கினாள். "வெள்ளையா என்னமோ இருக்கு." கருவியைக் கொடுத்தேன். "தாய் தந்தை துணை" என்று படித்து, கீழே ஒட்டியிருந்த பஞ்சர் கடை விளம்பரத்தையும் சேர்த்துப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை? பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிக்கொள்வாளாம். ஏன் இத்தனை நாளாக எவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். நான்தான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பதைப் போல என்னைப் பார்த்தாள்.

"தூரத்துல இருக்கிறது யாருக்குமே தெரியாதுன்னுதான் நெனச்சேன் டீச்சர். அதுக்குத்தானே இத வாங்கி வச்சிருக்கீக?"

தறி ஓடும் வீடு

வெளியேற்ற உத்தரவைத் திரும்பப் பெற்றேன், மன்னிப்பும் கேட்டேன். அதில் எனக்குப் பயிற்சி குறைவு, எனினும் கேட்டேன். மறுநாள் மாலை செல்லூருக்குப் போனேன். கூடத்தில் இரண்டு விசைத்தறிகள் முழங்கிக்கொண்டிருந்தன. கார்த்திகாவின் அம்மா செல்வி தறியை நிறுத்தாமலே என்னை வரவேற்றார். அந்த இரைச்சலில் காதோடு காதாகக் கத்தித்தான் பேச முடியும். பிள்ளைக்குக் கண்ணாடி தேவை என்று கத்தினேன். பொண்ணுப் பிள்ளைக்குக் கண்ணாடியைப் போட்டால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று அவர் கத்தினார். அதெல்லாம் பழைய பேச்சு என்றேன். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். என் கண்ணாடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வழக்கு முடிந்ததைப் போல இழை சரிபார்க்கப் போய்விட்டார்.

பின்தொடர்ந்தேன். "கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர், திமிருதான் சாஸ்தி. தறி ஓடையில வாயால கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்? எல்லாரும் கையைக் காமிச்சுத்தான் கூப்பிடுவோம். இவ நேராப் பாத்துக்கிட்டே நிப்பா, வரமாட்டா. அதுக்கே எத்தனை அடி வாங்கியிருக்கா!" என்றார். "இப்போது கூப்பிடுங்கள்" என்றேன். கூடத்தின் மறுகோடியில், வாசற்படியில் கார்த்திகா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வி கையை அசைத்தார். பெண் நகரவில்லை. மறுபடியும், இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தார். பெண் தலையைச் சற்றுச் சாய்த்தாள், சத்தத்துக்குக் காது கொடுப்பதைப் போல. நான் அவளருகே நடந்து போனதும் என் காதில் கத்திக் கேட்டாள்: "அம்மா ஏதும் சொல்லுதா டீச்சர்?"

திரும்பிப் பார்த்தேன். செல்வியின் கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. மகளின் உதட்டசைவை அந்தத் தொலைவிலிருந்தே படித்துவிட்டார். தறிக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்கு அது கைவந்த கலை. ஒரு தறியின் விசையை அணைத்தார். பிறகு மற்றதையும் அணைத்தார். திடீரென்று வந்த அமைதியில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன் டீச்சர். ஆனா ஒண்ணு, உங்களது மாதிரி பிரேம் மட்டும் வேணாம்."

ஊதா பிரேம்

அடுத்த ஞாயிறு ஊதா நிறக் கண்ணாடியுடன் வேனில் ஏறினாள். வழி முழுதும் சன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. புல்வெளியில் பைனாகுலர் அவளிடம் வந்தபோது, பன்னிரண்டு எண்ணுவதற்குள் ஹரீஷிடம் கொடுத்துவிட்டாள். அவன் நம்பாமல் சக்கரத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு மீன்கொத்தியைக் கைப்பேசியில் படமெடுப்பதற்காக நான்கு அடி முன்னால் போய், முழங்கால்வரை சேற்றில் இறங்கினான்.

"உன் கைப்பேசிக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் ஹரீஷ், உன் கால் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர" என்றேன். வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். சேற்றில் நின்றபடி ஹரீஷும் சிரித்தான். கார்த்திகா சிரிக்கவில்லை. பறவையையும் பார்க்கவில்லை, ஹரீஷையும் பார்க்கவில்லை. வண்டைப் பார்த்த அதே கவனத்துடன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான், மற்றவர்கள் அடங்கிய பின்பு, மெல்லச் சிரிக்கத் தொடங்கினாள்.

"நீங்க சிரிச்சுக்கிட்டேதான் திட்டுவீகளா டீச்சர்? இம்புட்டு நாளா எனக்குச் சத்தம் மட்டுந்தான் வந்துச்சு."

ஆகவே, என் சக தொழிலாளர்களே, இனி ஒரு பிள்ளையையாவது மெய்யாகவே அஞ்ச வைக்க வேண்டுமென்றால், நான் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டுதான் திட்டியாக வேண்டும்.