இருபது அடி தள்ளி நின்று கேட்டவர்

தொண்ணூறுகளின் நடுவில், மின்சாரம் இல்லாத ஓர் ஏரிக்கரையில் குடும்பத்தோடு நான்கு நாள் தங்குவதற்காகப் பழைய கேம்பர் வேன் ஒன்று வாங்கினேன். அதற்கு ஜெனரேட்டர் தேடி, நாங்கள் குடியேறியிருந்த வெளிநாட்டு நகரின் புறநகரான மனுரேவாவில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கசங்காத சட்டை, எண்ணெய்க் கறை ஏறிய நகங்கள்.

"இருக்கறதுலயே பெருசா குடுங்க. ரைஸ் குக்கர் ஓடணும்," என்றேன்.

"சோத்தை கேஸ் அடுப்பில காய்ச்சுங்கோ. லைட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் சின்னது காணும்."

இரண்டு சின்ன ஜெனரேட்டர்களை வாசலுக்குக் கொண்டுவந்தார். முதலாவதை ஓடவிட்டு, இருபது அடி தள்ளிப் போய்த் தலையைச் சாய்த்து நின்றார். விமான நிலையம் பக்கம்தான். ஒரு விமானம் வரும்வரை காத்திருந்தார். அது தலைக்கு மேல் வந்த பிறகே எங்களுக்குக் கேட்டது. உடனே அணைத்தார். இரண்டாவது ஓடியபோது, அடுத்த விமானம் தூரத்திலேயே கேட்டுவிட்டது.

"இதை எடுங்கோ."

"நாங்க போற இடத்துல பிளேனே வராதுங்க," என்று சிரித்தேன்.

"ஓம், தெரியும்." துணியில் கையைத் துடைத்தார். "ஊரில எங்கட மெஷின் பெரிய சத்தம். அண்டைக்கு மேல வந்தது எங்களுக்குக் கேக்கேல்லை."

'எங்களுக்கு' என்றால் யார் யார் என்று கேட்காமல், அவர் காட்டியதற்கே பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஏரிக்கரையில் விளக்கு எரிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் இருபது அடி தள்ளிப் போய் நின்றேன். வாத்துகளின் சத்தம் தெளிவாகக் கேட்டது. வானத்தில் ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும், நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.