வேரில் மட்டும் பிடித்த பொன்னிறம்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அது கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. எதையும் மறைக்காமல் சொல்கிறேனா என்று மட்டும் கவனியுங்கள். மேடையில் பழகியவன் நான். என் பக்கத்தை அளவுக்கு மீறிப் பலப்படுத்திவிடும் பழக்கம் எனக்கு உண்டு.

எனக்கு இருபத்துநான்கு வயது. நரை பத்தொன்பதிலேயே தொடங்கிவிட்டது. கொட்டாஞ்சேனை விவாத அணிக்கு நான் தலைவனான ஆண்டில் அது காதோரம் கடந்து உச்சிக்கு ஏறியிருந்தது. எங்கள் விவாத மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு: பொருளுக்குள் புகுமுன் எதிரணித் தலைவரை ஓரிரு வரியில் சீண்ட வேண்டும். அது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை. சீண்டாதவரைத்தான் பயந்தவர் என்பார்கள்.

சென்ற ஆண்டு வெள்ளவத்தை அணியின் தலைவி, சட்டம் படிப்பவர், என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் என் தந்தையின் நண்பர் என்று எண்ணி வாசலில் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். என் வயதுதானாம்!" மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் முதல் வாக்கியம் தொலைந்தது, இரண்டாவதும் வரவில்லை. தோற்றோம். தலைவரை மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. முடிவில் எனக்கு ஒரு போட்டி தந்தார்கள்: அடுத்த ஆண்டும் இதே அணியிடம் என் தடுமாற்றத்தால் தோற்றால், தலைமை வேறொருவருக்கு.

அன்றிலிருந்து கறுப்புச் சாயம் பூசினேன். கறுப்பு உண்மையை நெடுநாள் காப்பதில்லை. பத்தே நாளில் வகிட்டின் இருபுறமும் வெள்ளைக் கோடு எழுந்துவிடும். எனவே போட்டிக்கு முதல்நாள் பொன்னிறச் சாயப் பெட்டியொன்றை வாங்கி வந்தேன். வெள்ளை வேர் கறுப்பில் பளிச்சிடும், பொன்னிறத்தில் கரைந்துபோகும் என்பது என் வாதம். இன்றைக்கும் அந்த வாதத்தில் தர்க்கப்பிழை காண முடியாது. பிழை முடியில் இருந்தது.

என் தங்கை பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அண்ணா, இது ஏற்கெனவே டை அடிச்ச தலையில வேலை செய்யாதாம். வடிவா எழுதியிருக்கு."

எங்கள் வீட்டில் சச்சரவுகளைச் சத்தம் போட்டுத் தீர்ப்பதில்லை. ஆளுக்கு மூன்று நிமிடம்; அம்மா நடுவர்; நேரம் முடிந்தால் தேக்கரண்டியால் தம்ளரில் தட்டுவார். தங்கை தாளை வாசித்ததோடு ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டாள். நான் மூன்று நிமிடத்தையும் எடுத்தேன். எச்சரிக்கை எழுதுபவன் தன்னைக் காத்துக்கொள்ளவே எழுதுகிறான் என்றேன். குடையில் 'மின்னலில் பிடிக்காதீர்' என்று எழுதியிருந்தால் மழையில் நனைந்தா போவோம் என்றேன். அம்மா தம்ளரில் தட்டினார்.

"இவன் சொன்னது எனக்கு ஒண்டும் விளங்கேல்ல," என்றார் அம்மா. "ஆனா வடிவாச் சொன்னான். மகன்தான் வெற்றி."

"அம்மா, இது அவன்ட தலை!"

"அதுதானே பிள்ளை, அவன்ட தலை. பூசிவிடு."

தோற்ற தங்கையே கையுறை மாட்டிக்கொண்டு பூசிவிட்டாள். குளியலறையில் பிளாஸ்டிக் கதிரை, கழுத்தில் பழைய துவாய், கண்ணை எரிக்கும் மருந்து வாடை. அரை மணி நேரம் கழித்துக் கழுவினோம். பழைய கறுப்புச் சாயம் அசையவேயில்லை. ஆங்காங்கே செங்கல் நிறத் திட்டுகள் மட்டும். ஆனால் சாயம் காணாமல் புதிதாக முளைத்திருந்த வேர்கள், வெள்ளையும் கறுப்பும் ஒன்றாக, ஒரு விரலகலத்துக்கு மஞ்சளாய் ஒளிர்ந்தன. மறைக்க நினைத்த இடத்துக்கே விளக்கேற்றியிருந்தேன்.

தங்கை தள்ளி நின்று பார்த்தாள். "அண்ணா, உங்கட மண்டைக்குள்ள லைட் எரியிற மாதிரி இருக்கு."

"கறுப்பு டை மிச்சம் இருக்கா?"

"இருக்கு. பூச மாட்டன். தோல் சிவந்து கிடக்கு, பாருங்கோ. வேணுமெண்டா இன்னொருக்கா விவாதிப்பம்."

நான் விவாதிக்கவில்லை. மனம் உடையவுமில்லை. தலைவி என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். அவர் சொல்லப்போவதற்கெல்லாம் பதிலை அன்று மாலையே எழுதிவிட்டேன். பொன்முடி தரித்தவன் மன்னன் என்றும், விடியலுக்குமுன் கிழக்கு இப்படித்தான் இருக்கும் என்றும் இரண்டு பக்கம். கண்ணாடி முன் நின்று பேசிப்பார்த்தபோது, அந்தத் தலைமுடி எனக்கு ஒரு வாய்ப்பாகவே தோன்றிற்று.

மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை. பஸ்ஸில் நடத்துநர் என் தலையைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில், "சுது மல்லி, இஸ்ஸரஹட்ட யன்ன!" என்றார். வெள்ளைக்காரத் தம்பியாகவே முன்னால் நகர்ந்தேன். மண்டப வாசலில் எங்கள் இரண்டாவது பேச்சாளர் காத்திருந்தார். ஜிந்துப்பிட்டிக்காரர், துறைமுகத்தில் எழுதுவினைஞர், வாயைத் திறந்தால் வம்பு. "தலைவரே, வேஷப் போட்டி அடுத்த மண்டபத்துலங்க," என்று வழிவிட்டார்.

தலைப்பு: அயலவரை நெருக்கமாக்குவது தனிவீடா, அடுக்கடுக்கான தொடர்மாடியா? நாங்கள் தொடர்மாடி. தலைவருக்கு மொத்தம் பத்து நிமிடம். தொடக்கத்தில் ஆறு எடுத்தால் இறுதித் தொகுப்புரைக்கு நான்கு மிஞ்சும். தொடக்கத்தில் கூடினால் இறுதியில் குறையும்.

தலைவி முதலில் பேசினார். நான் என் பதிலோடு காத்திருந்தேன். அவர் வேலியைப் பற்றிப் பேசினார், வேலிக்கு மேலால் கைமாறும் முருங்கைக்காயைப் பற்றிப் பேசினார், அமர்ந்தார். என்னைச் சீண்டவேயில்லை.

ஆனாலும் நான் எழுந்து பதில் சொன்னேன். அவர் சொல்லாததற்கு. மன்னனையும் விடியலையும் மூன்று நிமிடம் பேசினேன். மண்டபம் கைதட்டியது. ஒரு சொல்லிலும் நான் தடுமாறவில்லை. குரல் கடைசி வரிசைக்கும் தெளிவாகப் போனது. பிறகு தொடர்மாடிக்காகத் திட்டமிட்ட ஆறு நிமிடத்தையும் குறைக்காமல் பேசினேன். அமர்ந்தபோது ஒரே ஒரு நிமிடம் மிஞ்சியிருந்தது.

தொகுப்புரையில் தலைவி கேட்டார்: "தொடர்மாடியில் ஒருவர் இறந்தால் சவப்பெட்டி லிஃப்டுக்குள் நுழையாது. இறுதிப் பயணத்துக்கே இடமில்லாத கட்டடத்தில் உறவுக்கு எங்கே இடம்?"

அந்தக் கேள்விக்கான விடை என்னிடம் இருந்தது. எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடிக்காரர் இறந்தபோது, பெட்டி நுழையாததால் ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன; அந்தந்த மாடி ஆண்கள் தோள் மாற்றி அடுத்த மாடிவரை இறக்கினார்கள். அதுவரை ஒருவருக்கொருவர் பெயர் தெரியாதவர்கள். நானும் மூன்றாம் மாடியில் தோள் கொடுத்தேன். இதைச் சொல்ல எழுந்தேன். என் பேச்சில் பெட்டி நான்காம் மாடியைத் தாண்டும்போது மணி அடித்தது. நடுவர் கையை உயர்த்தினார். கிண்ணம் வெள்ளவத்தைக்குப் போனது.

வெளியே விறாந்தையில் தலைவி வந்து கைகுலுக்கினார். "போன முறை உங்கட தலைமுடியைப் பத்திக் கதைச்சது எனக்கே பிடிக்கேல்ல. இந்தமுறை அதைத் தொடுறதில்லை எண்டுதான் வந்தனான். நீங்க ஏன் அதைத் தொட்டீங்க?"

அவர் போனதும் இரண்டாவது பேச்சாளர் என் தோளில் கை வைத்தார். "என்னங்க தலைவரே, பொணத்த நடுப்படியில வெச்சுட்டு வந்துட்டீங்க? இப்ப யாருங்க எறக்குறது?"

அணியினர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. ஓராண்டாக நான் அஞ்சியது இவ்வளவுதான். தடுமாறித் தோற்றால்தான் தலைமை போகும் என்பது நிபந்தனை. நான் தடுமாறவில்லை என்று வாதாடியிருக்கலாம். அந்த வாதத்தில் வென்றுமிருப்பேன். அதை விட்டுவிட்டு, வெளியேறிக்கொண்டிருந்த பார்வையாளருக்கும் கேட்கும்படி, மேடைக் குரலிலேயே சொன்னேன்:

"தலைமையை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். கடைசி வரிசையில் வைத்தாலும் நான் பேசுவேன். ஆனால் ஒன்று: இனி என்மேல் எவரும் சுமத்தாத குற்றத்துக்கு, மேடையில் ஒரு வினாடிகூட நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்லத் தொடங்கினால், நீங்களே எழுந்து மைக்கை நிறுத்துங்கள்."