பேர் சொல்லாத மன்றாட்டு

சகாயராணி திருப்பாடல்களைப் படித்ததெல்லாம் தையல் மிஷின் மேல்தான். துணி வைக்கிற பலகையில் பைபிள் விரித்திருக்கும். பக்கம் பறக்காமல் இருக்கக் கத்தரிக்கோலைப் பாரமாக வைத்திருப்பாள். பேகம்பூரிலிருந்து ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள், "அக்கா, ஓதிக்கிட்டு இருக்கீகளா? அப்புறமா வரவா?" என்று கேட்பார்கள். "உக்காரு தாயி, செத்த நேரந்தான், ஒரு பாட்டுதான் பாக்கி" என்பாள். அளவு ஜாக்கெட்டை மறந்தாலும் மறப்பாள், படித்த பாட்டை மறக்கமாட்டாள். என் ஜாக்கெட்டில் கை இறுக்கமாகப் போனதற்கு எந்தத் திருப்பாடல் காரணம் என்று கேட்டு அவளை நான் கேலி செய்திருக்கிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம்தான். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். அதற்கு அன்பியம் என்று பெயர். பைபிள் வாசித்து, பாட்டுப் பாடி, கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும். இன்னாருக்கு உடம்பு சரியில்லை, இன்னாருக்கு வேலை கிடைக்கவில்லை என்று சொல்லி "ஆண்டவரை மன்றாடுவோம்" என்று முடித்தால், மற்றவர்கள் ஒரே குரலாக "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். தெருச் செய்தி பாதி எங்களுக்கு இந்த வழியாகத்தான் வரும். யாருக்குச் சர்க்கரை கூடியது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள், எல்லாம் ஜெபமாகத்தான் காதில் விழும். வேறு விதமாகச் சொன்னால் அது புறணி ஆகிவிடும் அல்லவா!

சகாயராணியின் உயிர்த்தோழி கிளாரா. பஸ் ஸ்டாண்டு பக்கம் பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவள், சகாயராணிக்குக் கொஞ்சம் மூத்தவள். பங்குக் கோயிலில் சனிக்கிழமைதோறும் ஒரு சிஸ்டர் திருப்பாடல் வகுப்பு எடுத்தார். நானும்கூடச் சேர்ந்தேன், ஒரு மாதத்தில் கழன்றுகொண்டேன். கடைசிவரை நின்றது இவர்கள் இருவர்தான். பாட்டின் ஒரு வரி ஒன்றைச் சொல்லும், அடுத்த வரி அதையே வேறு சொல்லில் சொல்லி இன்னும் ஆழமாக இறக்கும் என்று சிஸ்டர் சொன்னதும் சகாயராணிக்குச் சட்டென்று பிடிபட்டது. "தையல் மேலயே இன்னொரு தையல் ஓட்டுறோம்ல, அது மாதிரிக்கா. அப்புறம் பிரியாது" என்றாள் கிளாராவிடம். அதன்பிறகு இருவரும் தங்கள் சொந்த ஜெபத்தையும் இரண்டிரண்டு வரியாகக் கட்டிப் பழகினார்கள். கிளாராவுக்கு அது இன்னும் நன்றாக வந்தது. குரலும் கணீரென்று இருக்கும்.

சகாயராணிக்குப் பிடித்தவை புலம்பல் பாட்டுகள். "கடவுள்கிட்ட இம்புட்டுக் கோவமாப் பேசலாம்னு எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்று வியந்துபோவாள். அதிலும் ஐம்பத்தைந்தாம் திருப்பாடல். எதிரி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், ஆனால் செய்தவன் என்னோடு சிரித்துப் பேசிக் கோயிலுக்குக் கூடவே நடந்தவன் ஆயிற்றே என்று அதில் ஒருவன் அழுகிறான். அதைப் படித்த அன்று சகாயராணி வகுப்பிலேயே அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தவள் கிளாரா.

சகாயராணிக்கு ஒரே மகன், பிராங்கிளின். குருமடத்தில் சாமியாருக்கு, அதாவது பாதிரியார் ஆவதற்கு, படித்துக்கொண்டிருந்தான். எங்கள் சனத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த வீட்டு மரியாதையே வேறு. கல்யாணவீட்டில் முதல் பந்தியில் இடம் இருக்கும். விடுமுறைக்கு வந்த பிராங்கிளின், அப்பா இல்லாத நேரம் பார்த்து அம்மாவிடம் சொன்னான்: "எனக்கு இது சரிப்படாதும்மா. பரீட்சை முடிஞ்சதும் அதிபர்கிட்ட நானே போயிச் சொல்லிர்றேன். அப்புறம் அப்பாகிட்டயும் நானே பேசுறேன். அதுவரைக்கும் ஒனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"என் வாயிலருந்து வராதுய்யா" என்றாள்.

ஆனால் அதை ஒருத்தியாகச் சுமக்க அவளால் முடியவில்லை. தைத்ததைப் பிரித்தாள், பிரித்ததைத் தைத்தாள். கடைசியில் கிளாராவிடம் சொல்லிவிட்டாள். "யார்கிட்டயும் மூச்சு விட்றாதக்கா. ஜெபத்துல மட்டும் வச்சுக்க" என்றாள். தப்பு அங்கேதான் நடந்தது. ஜெபத்தில் வைப்பது என்றால் பூட்டி வைப்பது என்று இவள் நினைத்தாள்.

அந்த வாரம் உபதேசியார் சூசை வீட்டில் அன்பியம். பங்குச்சாமியாருக்கு வலதுகை அவர். மன்றாட்டு கிளாராவிடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழைத்தலில் தடுமாறும் ஓர் இளைஞனுக்காக, கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்க்கும் பிள்ளைக்காக, வெளியே சொல்ல முடியாமல் தவிக்கும் ஒரு தாய்க்காக, ஊசியும் நூலுமாய் உட்கார்ந்து கண்ணீர் வடிக்கும் பெண்ணுக்காக, ஆண்டவரை மன்றாடுவோம்."

அழகாகத்தான் கட்டியிருந்தாள், பாவி. நாங்கள் எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். சகாயராணியும் சொன்னாள். பழகிய வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அழைத்தல் என்றால் எங்களுக்குச் சாமியாராகப் போவதுதான். எங்கள் அன்பியத்தில் பிள்ளையைக் குருமடத்துக்கு அனுப்பியவள் அவள் ஒருத்திதான், தையல்காரியும் அவள் ஒருத்திதான். எல்லோருடைய பார்வையும் அவள் பக்கம் திரும்பியது. நானும்தான் பார்த்தேன்.

சூசை நல்ல எண்ணத்தில் சாமியாரிடம் சொன்னார். சாமியார் நல்ல எண்ணத்தில் குருமட அதிபருக்குப் போன் போட்டார். இந்த நல்ல எண்ணக்காரர்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! பரீட்சை எழுதக் காத்திருந்த பையனைக் கூப்பிட்டு, அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவனுடைய விஷயத்தை அவனிடமே விசாரித்தார்கள். அவன் அப்பா அருள்நாதனுக்கு வெங்காய மண்டியில் வைத்து மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. மனுசன் ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை. பிராங்கிளின் விஷயத்தைச் சொல்லியிருந்தது அம்மா ஒருத்தியிடம்தான். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வராமல் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.

சகாயராணி நேராகக் கிளாராவின் கடைக்குப் போய் நின்றாள்.

"நான் பேரே சொல்லலையே சகாயம்" என்றாள் கிளாரா, வளையல் அட்டையை அடுக்கிக்கொண்டே. "ஜெபத்துல வைக்கத்தான நீ சொன்ன? நாலு பேரு சேந்து வேண்டுனா நல்லதுதான?"

சகாயராணி கடைப்படி இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

முறைப்படி அன்பியம் சகாயராணி வீட்டுக்கு வந்தது. வராமல் இருந்தால் தப்பாகிவிடும் என்று கிளாராவும் வந்தாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிளாரா வீட்டு ரகசியம் ஒன்று சகாயராணிக்குத் தெரியும். அது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் இந்தத் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

வீட்டுக்காரி என்பதால் கடைசி மன்றாட்டு சகாயராணியுடையது. "கிளாரா அக்காவுக்காக" என்று ஆரம்பித்தாள். பேரைச் சொல்லியே ஆரம்பித்தாள். பிறகு நிறுத்தினாள். மிஷின் மேல் பைபிள் அந்த ஐம்பத்தைந்தாம் பாட்டில் விரிந்து கிடந்தது. கிளாரா கண்ணைத் திறந்துவிட்டாள். நாங்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"அவங்க முழங்கால் வலிக்காக, படியேற முடியாமப் படுற கஷ்டத்துக்காக, ஆண்டவரை மன்றாடுவோம்."

கிளாராவின் முழங்கால் வலி ஊருக்கே தெரிந்தது. எல்லோரும் பதில் சொன்னோம். கிளாராவின் கணீர்க்குரல் மட்டும் அதில் இல்லை.

மற்றவர்கள் கிளம்பும்வரை அவள் வாசலில் நின்றாள். சுண்டல் பாத்திரம் கழுவ நின்ற என்னை அவள் பார்க்கவில்லை. "நீ சொல்லிருவியோன்னு நெனச்சேன் சகாயம்" என்றாள்.

"அப்படி நெனச்சீங்கள்ல" என்றாள் சகாயராணி. கிளாராவுக்கு அவள் 'நீங்க' போட்டு நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. "இம்புட்டு வருசம் கூடவே நடந்தும் என்னைய அம்புட்டுத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. போயிட்டு வாங்க."

இப்போது திருப்பாடல் வகுப்புக்கு இருவருமே போவதில்லை. சகாயராணி மட்டும் மிஷினில் உட்கார்ந்து படிக்கிறாள், அந்த ஒரே பாட்டை. மாதா கோயிலில் கிளாராவைப் பார்த்தால் தலையாட்டுவாள், அதோடு சரி. மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "மன்னிப்பெல்லாம் குடுத்துட்டேன். நம்பிக்கைதான் குடுக்க மாட்டேன்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் வாங்கப் போயிருந்தேன். பிராங்கிளினிடமிருந்து போன் வந்தது. கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்டியாய்யா?"

"சாப்ட்டேம்மா."

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போகுதும்மா."

அவன் எப்போதும் இந்த அளவுக்குத்தான் பேசுகிறான் போல. அவள் துணியை மடியில் போட்டுவிட்டுக் கேட்டாள். "ஒனக்காக எதுவும் வேண்டிக்கிறணுமாய்யா? சொல்லு, நான் மட்டும் வேண்டிக்கிறேன்."



"பொதுவா வேண்டிக்கம்மா. அது போதும்" என்றான் பிராங்கிளின்.

சரிய்யா என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். பிறகு என் ஜாக்கெட்டை எடுத்துக் கொக்கி கட்ட ஆரம்பித்தாள்.