ஞானம்மா நேர்ஸும் என் வயிற்றுநோப் புத்தகமும்

ஞானம்மா நேர்ஸ் காலமாகிவிட்டார் என்ற செய்தியைச் சுன்னாகம் சந்தையிலிருந்து திரும்பிய ஒருவர், ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை நிறுத்திச் சொன்னார். வேலையிலிருந்து இளைப்பாறிய பின் அங்கே தம்பி வீட்டில் இருந்தவர். நாலு நாள் காய்ச்சலோடு முடிந்துவிட்டது. சொன்னவர் அத்தோடு போயிருக்கலாம். "பாவம், ஒரு கடுஞ்சொல் சொல்லி அறியாத மனுசி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருடம் அந்த மனுசியிடம் ஏச்சு வாங்கியவன் நான். அடக்கத்தன்று பேசியவர்களும் சாந்தம், பொறுமை, தாயுள்ளம் என்று அடுக்கினார்கள். யாரை அடக்கம் செய்ய வந்திருக்கிறோம் என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

அவரைத் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மானிப்பாயில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியின் பெயர், ஊர், வயது, நோவு எல்லாவற்றையும் புத்தகத்தில் பதியும் கிளாக்கர் நான். பெண்கள் நேரே என்னோடு கதைப்பதில்லை. கூட வந்த புருஷனோ தகப்பனோ சொல்லுவார். அவர்களும் ஒன்றைத்தான் சொல்லுவார்கள்: "வயித்துநோ." நானும் எழுதுவேன். ஒருநாள் ஞானம்மா நேர்ஸ் என் மேசைக்கு வந்து பத்துப் பக்கம் புரட்டினார்.

"கிளாக்கர், உம்மடை புத்தகத்தின்படி பாத்தால் யாழ்ப்பாணத்துப் பெம்பிளையளுக்கு வயிறு மட்டும்தான் இருக்கு. வேறை ஒண்டும் கடவுள் படைக்கேல்லையோ?"

வரிசையில் நின்ற ஆண்கள் தலையைக் குனிந்தார்கள். நான் காது வரை சிவந்துபோனேன்.

அவர் என்னைக் கேட்கச் சொன்னவை சாதாரணக் கேள்விகள் அல்ல. கலியாணம் எத்தனை வயதில், பேறு எத்தனை, பேற்றில் கிழிந்த காயம் ஆறியதா, மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தம் படுகிறதா, நாற்றத்தோடு நீர் போகிறதா. புருஷன் எங்கெங்கே போய் வருகிறவர் என்றும் கேட்க வேண்டுமாம்! கருப்பை வாயில் புற்றோடு வந்த பெண்களில் அநேகர் சிறு வயதில் கலியாணம் முடித்து, வருடத்துக்கொன்றாகப் பெற்றவர்கள் என்பது வார்டில் அவர் கண்டது. "எல்லாரும் கடைசியிலை கட்டிலோடை வருகினம். நடந்து வரேக்கை ஒருத்தியைப் பிடிச்சுத் தாரும், காணும்" என்பார். நான் மாட்டேன் என்றேன். நான் மானமுள்ள சைவக் குடும்பத்துப் பிள்ளை, பெண்களிடம் இதெல்லாம் கேட்டால் ஊரில் என்னைச் சேர்ப்பார்களா என்றேன். "உம்மடை மானத்தை ஆரும் களவெடுக்க மாட்டினம், கேளும்" என்றார். நான் கேட்கவில்லை.

துடக்கு என்று பெண்கள் தீட்டுக் காப்பதுதான் அவருக்குப் பெரிய எரிச்சல். இரத்தம் படுகிற நாளில் பெண்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டார்கள். நின்று, தலை முழுகி, வெள்ளையும் சள்ளையுமாக வந்து, "இப்ப ஒண்டுமில்லை" என்பார்கள். "துடக்கோடை வாங்கோ! எனக்குத் துடக்கில்லை!" என்று அவர் கத்தியது வீதி வரை கேட்கும். இந்த மனுசியைத்தான் கடுஞ்சொல் அறியாதவர் என்கிறார்கள்.

என் அக்கா இராசத்தைச் சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. ஒரு வருடத்துக்குள் மூன்று தரம் அவ ஆஸ்பத்திரிக்கு வந்தா. தம்பி கிளாக்கராக இருக்கும்போது அக்கா வரிசையில் காய்வதா? முதல் இரண்டு தரமும் அவவை மரநிழலில் நிறுத்திவிட்டு, நானே வயிற்றுநோ என்று பதிந்து, நானே போத்தல் மருந்தும் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பெண்களைச் சோதிக்கும் டொக்டரம்மாவின் கண்ணில் அவ படவேயில்லை. பெரிய உபகாரம் செய்தேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் தரம் அத்தானும் கூட வந்தார். அவர் வண்டியில் வந்தார், அக்கா பின்னால் நடந்து வந்தா. விறாந்தையில் நோயாளிகள் இருக்கிற வாங்கு காலியாக இருந்தது. அவ இருக்கவில்லை. தூணில்கூடச் சாயாமல், ஒருவரிலும் முட்டாமல், சேலையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றா. என்மேல் உள்ள மரியாதை என்று நான் நினைத்தேன். அந்த வழியால் போன ஞானம்மா நேர்ஸ் நின்றார்.

"அம்மா, உங்களுக்கு எத்தினை வயசு?"

"அம்பத்திரண்டு."

"இந்த வயசிலை என்ன துடக்கு? ஏன் வாங்கிலை இருக்கேல்லை?"

அக்கா என்னைப் பார்த்தா. நான் புத்தகத்தைப் பார்த்தேன். நேர்ஸ் அவவின் கையைப் பிடித்து நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். முப்பத்தேழு வருடமாகப் பெண்சாதி ஒதுங்கி நிற்பதைக் கண்டு பழகிய அத்தான், "வயித்துநோவுக்கு உதெல்லாம் என்னத்துக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

டொக்டரம்மா கையால் சோதித்தார், கருப்பை வாயில் அயடின் பூசிப் பார்த்தார். நிறம் ஏறாத இடத்தில் பயறளவு தசை எடுத்துப் போத்தலில் இட்டார். கொழும்புக்கு ரயிலில் அனுப்பி, அங்கே பெருக்கிக் காட்டும் கண்ணாடி வைத்துப் பார்த்து மறுமொழி எழுத வேண்டும். போத்தலோடு போகும் கடிதத்தை எழுதுவது என் வேலை. நோவு என்ற இடத்தில் என் கை பழக்கத்தில் வயிற்றுநோ என்று தொடங்கியது. ஞானம்மா நேர்ஸ் பேனையைப் பிடுங்கிக் கடதாசியைக் கிழித்தார். "எழுதும்" என்று வேறு கடதாசி தந்தார். மாதவிலக்கு நின்று நாலு வருடம். ஒரு வருடமாக இரத்தம் படுகிறது. கலியாணம் பதினைந்து வயதில். பேறு ஒன்பது. முதற்பேற்றுக் கிழிசல் தைக்கப்படவில்லை. அவ்வளவையும் என் அக்காவைப் பற்றி நான் இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் என்றால் கை ஓடியிருக்காது.

மறுமொழி வர இரண்டு கிழமை சென்றது. புற்றுத்தான். டொக்டரம்மாவின் கணிப்பில் அது கருப்பையின் பக்கங்களுக்கும் பரவிவிட்டது. அத்தானுக்கு யார் சொல்வது? "நீர்தான்" என்றார் நேர்ஸ். நான் மாட்டேன் என்று தலையாட்ட, "உமக்குச் சொல்ல வெக்கம், அவவுக்குச் சாகிற நோவு. எது பெரிசு?" என்று கேட்டார். சொன்னேன். அத்தான் அக்காவைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். புற்றை எரிக்க ரேடியம் வைத்தார்கள். ஒன்றரை வருடம் இருந்தா.

கடைசி நாட்களில் ஒரு பின்னேரம் நான் பக்கத்தில் இருந்தேன். என் மனதுக்குள் ஒரே சாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்? அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"முதல் நாளே என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீ கேக்கேல்லையே தம்பி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். சொல்லத்தானே நடந்து வந்தனான்."

இதை நான் ஞானம்மா நேர்ஸிடம் சொன்னபோதுதான், அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் என்னை ஏசவில்லை. என் மேசைக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "இனி நோயாளி இதிலை இருக்கட்டும். புருசன்மார் பின்னாலை நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து கதிரையில் இருந்தா. பின்னால் நின்ற புருஷன், "வயித்துநோ, எழுதுங்கோ" என்றார். நான் பேனையை மூடி வைத்துவிட்டு, மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தம் படுகிறதா என்று அம்மாவிடம் கேட்டேன்; அவ ஓம் என்று தலையாட்டினா. புருஷன் கொதித்துப்போய், "உமக்கு அக்கா தங்கச்சியள் இல்லையோ?" என்றார்.

"ஒரு அக்கா இருந்தவ" என்றேன். "நீங்கள் சொல்லுங்கோ அம்மா, எவ்வளவு நாளாய்ப் படுகுது?"