உள்ளூர் முகத்துக்குச் சொல்லும் விலை

பேராதனை பஸ்ஸில், பனி படிந்த கண்ணாடியில் தலைசாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தேன். அக்கா முறைக்கு நான் ‘ராத்தா’ என்று கூப்பிடும் ஸரீனாவின் மகள் போனில் அழைத்தாள். “அன்ட்டி, உம்மா மௌத்தாகிட்டாங்க.” மரணச் செய்தியைக் கனவில் யாரோ சொன்னது போலிருந்தது. வெளியே மகாவலி வெண்மையாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மண்சரிவுக்குப் பிறகு, நிவாரண அலுவலகத்தில் சேர்ந்து வேலைசெய்த நாங்கள் இருவரும் கடை கடையாக அரிசி, பருப்பு, பால்மா, சவர்க்கார விலைகளைக் கேட்டுப் பதிந்தோம். அதை வைத்துத்தான் பாடசாலைகளில் தங்கியிருந்த குடும்பங்களுக்கான உதவிப் பணம் முடிவாகும். விலை குறைத்துப் பதிந்தால் அவர்கள் கையில் வருவதும் குறையும். இவ்வளவு பெரிய பொறுப்போடு சந்தைக்குள் நுழைந்தால், ராத்தா கருவாட்டுக் கடை முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். “கொஞ்சம் பொறுங்க, மழ வாசம் வருது.” நான் பல்லைக் கடிப்பேன். அவரை அறிந்தவர்கள் இதை வாசித்துச் சிரிப்பீர்கள்.

மடவளை அவர் பிறந்த ஊர். உள்ளூர் ஆள் கேட்டால் உண்மை விலை வரும் என்று அவரையே அங்கே அனுப்பினார்கள். ஒருநாள் நானும் கூடப் போனேன். கடைக்காரர் விலை சொல்லி முடித்தார். ராத்தா வழக்கம்போல அரிசி மூட்டையில் சாய்ந்து எங்கோ மிதந்துகொண்டிருந்தார். அப்போது பாடசாலையில் தங்கியிருந்த ஒரு பெண் வந்து அதே பால்மாவைக் கேட்டாள். அவளுக்குச் சொன்ன விலை வேறு.

ராத்தா விழித்துக்கொண்டார். “நானா, எனக்கேன் கொறச்சுச் சொன்னீங்க?”

“நீங்க எங்கட புள்ள. உங்கள்ட்ட லாபம் வைக்க ஏலுமா?”

“நீங்க என்னில வச்ச அன்பால அந்தப் புள்ளைகள்ட பால்மா இல்லாமப் போகும் நானா.”

அன்றே மடவளையில் தான் பதிந்த விலைகள் அத்தனையையும் நீக்கச் சொன்னார். அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். “வெல கேக்கப் போறவளுக்கு ஊர்ல சொந்தம் இருக்கக் கூடாது” என்றார் ராத்தா. அதன்பிறகு ஊர் மாற்றிக்கொண்டோம்: கலகெதரைக்கு அவர், மடவளைக்கு நான். அந்த மாதம் உதவிப் பணம் கூடியது.

ஜனாஸா நல்லடக்கம் முடிந்த மறுநாள், மையத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சீனியும் தேயிலையும் வாங்க அதே கடைக்குப் போனேன். கடைக்காரர் சொன்ன விலை மிகக் குறைவு.

“வெளியாளுக்குச் சொல்ற வெலயச் சொல்லுங்க நானா.”

“நீங்க எப்ப வெளியாள்? ஸரீனாட தங்கச்சிதானே?”

கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். ராத்தா எனக்கு விட்டுப்போனது இதுதான்: மடவளையில் இனி என்னாலும் விலை கேட்க முடியாது.