நிறைவு என்று நான் போட்ட சொல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் தள்ளிப்போட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன், ரெண்டு வரி அடிப்பேன், அழித்துவிட்டு டீ குடிக்க எழுந்து போய்விடுவேன். தில்லைக் காளி சன்னதியில் எத்தனையோ தடவை சொல்லி அழுதாயிற்று. மனுஷரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சிதம்பரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு டி.டி.பி. கடை. படிப்பு பத்தாவதோடு சரி. தமிழ் டைப்பிங் மட்டும் கைவந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், மனு எல்லாம் அடிப்பேன். அப்படித்தான் அந்த வேலையும் வந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் மூன்று பேர் சேர்ந்து செல்போனுக்கு ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். பேங்க் கிடையாது, மேனேஜர் கிடையாது. ஜனங்கள் பொதுவில் பணம் போடுவார்கள், வேண்டியவர்கள் அதிலிருந்து கடன் எடுப்பார்கள், வட்டியைப் பிரித்துக் கொடுப்பதையெல்லாம் புரோகிராமே பார்த்துக்கொள்ளும். மூவரில் தலைமை ஒரு பெண். பெங்களூரில் வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள்.

வேலை எதுவரை வந்திருக்கிறது என்று மாதாமாதம் உறுப்பினர்களுக்கு ஒரு பக்கம் அனுப்புவார்கள். அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் அடிக்க வேண்டும். மாசம் பிறந்த முதல் வாரத்தில் பஸ் ஏறிப் போய்விடுவேன். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டால் சிரிப்பாள்.

"ஆப்புல தப்பு வந்தா இவரு வந்து சரி பண்ணுவாரா அண்ணா?"

"உன்கூட வேலை பாக்கற ரெண்டு பசங்களவிட ஜாஸ்தியாவே பண்ணுவாரு."

முதல் மாதம் உள்ளே நுழைகிற திரை தயார் என்று அடித்தேன். அடுத்த மாதம் பணம் போடுகிற பட்டன். அதற்கடுத்து, பழைய போன்களில் ஆப் நின்று நின்று போனதைச் சரிசெய்தது. இதையெல்லாம், பணம் போடாமல் பேர் மட்டும் கொடுத்து வைத்திருந்த என் மச்சானும் படித்துக்கொண்டு வந்தான். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி, புவனகிரியில் வாடகை வீட்டில் இருக்கிறான். வெள்ளாற்றுப் பக்கம் இருந்த நிலத்தை விற்று, ஒரு மனை வாங்கி, மிச்சத்தை வீடு கட்ட வைத்திருந்தான்.

"இது ஆப்பா, இல்ல எனக்கு வெக்கிற ஆப்பா மாமா?" என்றான் ஒருநாள்.

"அவசரப்படாதடா. வெளியாளுங்க வந்து புரோகிராம வரிவரியா பாக்கணுமாம். எங்கனா ஓட்டை இருந்தா அவுங்க சொல்லுவாங்களாம். அது இன்னும் ஆவல."

"அப்ப சரி. அது முடிஞ்சிதுன்னு நீங்க எழுதற அன்னிக்குப் போடறேன்."

ஏழாவது மாதம் நான் போனபோது மாடியில் அவள் மட்டும்தான் இருந்தாள். ஒருவன் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இன்னொருவன் சொல்லாமலே வரவில்லை. அவள் சாப்பிட்டிருப்பாளா என்றுகூடத் தெரியவில்லை.

"வெளியாள் சோதனை பாதியிலயே நின்னுடுச்சு அண்ணா. அவுங்களுக்குக் குடுக்க கையில இல்ல. மறைக்காம அப்படியே போட்டுடுங்க."

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம், நிறைஞ்சிடுச்சு என்போம். விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். அது என் கைக்கும் பழகிவிட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. நின்றுவிட்டது என்று அடிக்க விரல் போகவில்லை. 'வெளியாள் சோதனை இம்மாதத்துடன் நிறைவு' என்று அடித்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள்.

"நிறைவுன்னா?"

"அதோட சரின்னு அர்த்தம்மா."

தலையாட்டி அனுப்பிவிட்டாள். ஏமாற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. மச்சான் சொன்னது அந்த நேரம் நினைவுக்கும் வரவில்லை.

பத்து நாள் கழித்து மச்சான் மனையில் பூமி பூஜை. சுண்டல் பொட்டலத்தை என் கையில் வைத்துக் காதோடு சொன்னான்.

"போட்டுட்டேன் மாமா."

"எத?"

"ஆப்புலதான். சோதனை நிறைவுன்னு நீங்களே எழுதிட்டீங்களே. கொத்தனாருக்குக் குடுக்கற வரைக்கும் அங்க கெடக்கட்டும்."

நின்றுபோனதற்கு நான் போட்ட சொல்லை, நல்லபடியாக முடிந்தது என்று படித்திருக்கிறான். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய செங்கல். "மொகம் ஏன் இப்பிடி இருக்கு?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். வெயில் என்றேன். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் பணத்தை எடுத்துவிடு என்று எப்படிச் சொல்வது? மறுநாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. தசமி அன்று காலையில் குளித்து, விபூதி பூசி, போன் போட்டேன்.

"மாமா," என்றான். "ஆப்பு தொறக்குது. உள்ள ஒண்ணும் இல்ல."

எந்த ஊரிலிருந்தோ ஒருவன் ஓட்டை கண்டுபிடித்து எல்லார் பணத்தையும் வழித்துக்கொண்டு போய்விட்டான். முந்தின நாள் மத்தியானம் நடந்ததாம். புகார் கொடுத்தோம். யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த வாரமே உறுப்பினர்கள் மஞ்சக்குப்பம் மாடிக்குப் போனார்கள். நானும் மச்சானோடு போனேன். தேவனாம்பட்டினத்து அம்மா ஒருத்தி போனை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "சோதனை நிறைவுன்னு போட்டிருக்கியே, பாத்தாங்களா, பாக்கலையா? சொல்லுடி!"

அவள் அந்த வரியை மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தாள். நிமிர்ந்து, படிக்கட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. என்னைக் காட்டவில்லை. "அனுப்பினது நான். நான்தான் பொறுப்பு," என்றாள். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மச்சான், "பொய்க்காரி மாமா அவ. உங்களையே ஏமாத்தி எழுத வெச்சிருக்கா பாருங்க," என்றான். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அவள் ஊரைவிட்டுப் போய்விட்டாள். மனையில் முள் மண்டிக் கிடக்கிறது. மச்சான் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறான். ஆனாலும் பொங்கலுக்கு அக்காவுக்குச் சீர் எடுத்துவருவதை ஒரு வருஷமும் விட்டதில்லை. போன பொங்கலுக்கு வந்தவன், "அந்தப் பொண்ணு நல்லா இருக்குமா மாமா? நாசமாத்தான் போயிருக்கும்," என்றான். அன்றைக்கு நான் இலையில் கை வைக்கவில்லை.

அவள் சொன்னது நின்றுவிட்டது என்று. நிறைவு என்று போட்டது நான். தெரிந்த பிறகும் மூன்று நாள் பேசாமல் இருந்தது நான். இதன் முதல் பிரதியை நாளைக்கே மச்சான் கையில் கொடுக்கப்போகிறேன். அந்த உறுப்பினர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள். அந்தப் பெண் எங்கேயாவது கண்ணில் பட்டால் அவளுக்கும். பாவம் இந்த மனுஷன் என்று இரக்கப்பட்டு ஒரு சொல்லைக்கூட நல்லவிதமாக மாற்றிவிடாதீர்கள். அடித்தது அடித்தபடியே போகட்டும்.