வியாழக்கிழமை 8:57

நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. நடந்தது நடந்ததுதான். எஃபோசா இதை என் கிச்சன்ல உட்கார்ந்து சொன்னான். பட்டப்பகல், மணி பன்னிரண்டு. எல்லா விளக்கையும் போட்டாத்தான் வாயைத் திறப்பேன்னு அடம்பிடிச்சான்.

நாங்கல்லாம் நைஜீரியாவுல இருந்து லீட்ஸுக்குப் படிக்க வந்தவங்க. எங்க தலையெழுத்தே ஒரு கார்டுலதான் இருந்துச்சு. வகுப்பு வாசல் மெஷின்ல அதை வைக்கணும். ‘பீப்’னு ஒரு சத்தம், பச்சை விளக்கு. வந்தாச்சு. விட்டுட்டா கடிதம் வரும். ரெண்டாவது கடிதத்தோட விசா காலி, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எஃபோசாவுக்கு முதல் கடிதம் அக்டோபர்லயே வந்துடுச்சு.

அவனுக்கு வியாழக்கிழமை கிடங்குல வேலை. பக்கத்து அறை ஒபியோராவுக்கு முதியோர் இல்லத்துல ராத்திரி வேலை. நாற்பது வயசு மனுஷன், எனுகுவுல பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க. எந்நேரமும் தைலம் தேய்ச்சுக்கிட்டு, ஊரே மணக்கும். திங்கக்கிழமை காலையில அவரால கண்ணைத் திறக்கவே முடியாது.

"டேய் பெனின் ஊர்ப் பயலே, திங்கள் எனக்கு நீ வை. வியாழன் உனக்கு நான்."

"மறந்துட்டீங்கன்னா அண்ணே?"

"ஒரு வாரம் தவறினாலும் என்னை நாயேன்னு கூப்பிடு, போ!"

ரெண்டு கார்டும் கிச்சன்ல கெட்டிலுக்கு அடியிலதான் கிடக்கும். எடுத்துட்டுப் போறது, திருப்பி வைக்கிறது. அவ்வளவுதான்.

நவம்பர் 13, வியாழன். சாயங்காலம் 4:10. எஃபோசா வேலை முடிஞ்சு வந்தான். போன்ல வருகைப் பதிவைப் பார்த்தான். ‘வந்தார், 8:57.’ கார்டும் கெட்டிலடியில இருந்துச்சு. ஆனா ஈரம், காலையில நல்ல மழை. தைல வாசனை.

ஒபியோரா கதவு சாத்தியிருந்துச்சு. உள்ளே போன் அடிச்சது. நின்னது. மறுபடி அடிச்சது. ராத்திரி வேலைக்காரன் கதவைப் பகல்ல தட்டக்கூடாதுங்கறது எங்க வீடுகள்ல சட்டம். எஃபோசா காதுல பாட்டை மாட்டிக்கிட்டான்.

சனிக்கிழமை போன் சத்தம் நின்னுடுச்சு. ஃப்ரிட்ஜ்ல அவரோட ஜொலோஃப் சோறு அப்படியே இருந்துச்சு. மேல பூசணம்.

திங்கக்கிழமை எஃபோசா அவர் கார்டை வச்சான். பீப். பச்சை விளக்கு.

அன்னிக்கே அவர் பொண்டாட்டி அடாகு எஃபோசாவைக் கூப்பிட்டா.

"தம்பி, அவர் போனே எடுக்கலைப்பா. நல்லா இருக்காரா?"

இவனுக்குப் பயம். விசாரிக்க ஆரம்பிச்சா கார்டு விஷயம் வெளிய வந்துடும். வாய் கூசாம ஒரு பொய் சொன்னான் பாருங்க...

"காலையில வகுப்புலதான் பார்த்தேன் அண்ணி."

மறுநாள், 18, செவ்வாய். மறுபடி அவதான். "உன் காலைத் தொட்டுக் கேக்கறேன். ஒரே ஒரு தடவை கதவைத் தட்டிப் பாரு."

மணி 3:52. வெளிய இருட்டத் தொடங்கிடுச்சு. எஃபோசா கதவுக்கிட்ட போய்க் கையைத் தூக்கினான். தட்டலை. அதுக்குள்ள...

டொக். டொக்... டொக்.

உள்ளேயிருந்து. கதவோட அடிப்பக்கத்துல இருந்து.

‘போடா, தூங்கவிடு’ன்னு சொல்றார்னு நினைச்சுக்கிட்டான். அப்பாடான்னு இருந்துச்சாம், கடன்காரப் பயலுக்கு!

"இருக்கார் அண்ணி. தூங்கறார்."

நவம்பர் 20, வியாழன். கிடங்குல கரண்ட் போயிடுச்சு. 2:40க்கே வீடு வந்துட்டான். வாசல்ல இருந்து ஈரக் கால்தடம். செருப்பு இல்லாத கால்.

எல்லாம் இடது கால்.

ஒண்ணுகூட வலது இல்லை.

கெட்டில் வரைக்கும் வந்துச்சு. அங்கேயே நின்னுடுச்சு. திரும்பிப் போன தடம் இல்லை. கார்டைத் தூக்கினான். சொட்டுச் சொட்டா தண்ணி.

போனைப் பார்த்தான்.

8:57.

அப்பவும் கதவைத் தட்டலை. திங்கக்கிழமை மறுபடி அவர் கார்டை வச்சான். பதிவுல அவர் வந்துக்கிட்டே இருந்ததால யாரும் தேடலை. வேலை இடத்துல வராதவனுக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுட்டாங்க.

27, வியாழன். 8:57. நாத்தம் தாங்கலை.

28ஆம் தேதி வீட்டுக்காரர் கதவை உடைச்சார். கதவுக்குப் பின்னாலேயே கிடந்தார் ஒபியோரா.

போலீஸ் கேட்டாங்க. "கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"ஞாபகமில்லை சார்."

அவர் கார்டை எஃபோசா ஏற்கனவே கால்வாய்ல வீசியிருந்தான்.

டிசம்பர் 4, வியாழன். வேலையை விட்டுட்டான். தன் கார்டைக் கையிலேயே பொத்திக்கிட்டு வகுப்புக்கு ஓடினான். 8:58. மெஷின்ல வச்சான்.

பீப்... பீப்.

ரெண்டு பீப்னா, ஏற்கனவே பதிஞ்சாச்சுன்னு அர்த்தம்.

திரும்பிப் பார்த்தான்.

யாருமில்லை.

தைல வாசனை.

மார்ச் மாசம் அடாகு கூப்பிட்டா. பிரேதப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்திருந்துச்சு. அழாம, ஒவ்வொரு வரியா வாசிச்சா. புதன் ராத்திரி, 12ஆம் தேதி, அறையில விழுந்திருக்கார். வலது இடுப்பு முறிஞ்சு எழுந்திரிக்க முடியலை. பக்கத்துல ஒரு பாட்டில் தண்ணி. அதைக் குடிச்சுக்கிட்டே கதவு வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கார். உயிர் போனது 18ஆம் தேதி ராத்திரி வாக்குல.

"ஆறு நாள் உயிரோட இருந்திருக்கார் தம்பி. விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சிருக்காம். அன்னிக்குச் சாயங்காலம் நீ கதவுக்கிட்ட போனியே... உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?"

எஃபோசா போனை வச்சுட்டான்.

அன்னிக்குத் தட்டினது உயிருள்ள மனுஷன். அது புரியுது. ஆனா 13ஆம் தேதி காலையில, இடுப்பு முறிஞ்சு தரையில கிடந்தவர் எப்படி மழையில போய் இவன் கார்டை வச்சார்? என்னைக் கேட்காதீங்க, எனக்குத் தெரியாது.

எஃபோசா பயந்த அந்த ரெண்டாவது கடிதம் ஜூன்ல வந்துச்சு. என் கையில கொடுத்தான், வாசிச்சேன். கூடவே பதிவுத் தாளும் இருந்துச்சு. வியாழக்கிழமைன்னு போட்ட இடத்துல எல்லாம் 8:57. ஒண்ணுகூட விடுபடலை.

அக்டோபருக்கு அப்புறம் ஒரு வகுப்புகூட தவறாம வந்ததுக்காக எஃபோசாவுக்குப் பல்கலைக்கழகத்தோட பாராட்டுக் கடிதம் அது. தாள் நனைஞ்சிருந்துச்சு.